கால் கடுப்பும் நீர்க்கடுப்பும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. எங்கள் வீட்டுப் பெண்கள் ஐந்து பேர் ஜமக்காளம் விரித்த மேடையோரம் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, “அந்த மாம்பழ மஞ்சளை எடும்மா”, “பார்டர் கொஞ்சம் சின்னதா இருந்தா காட்டு” என்று கேட்டுக்கொண்டேயிருந்தோம். எதிரில் நின்ற பெண் எடுத்து எடுத்துப் பிரித்துப் போட்டாள். முப்பது புடவை வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். நடுவில் எங்களுக்குள் விவாதம் முற்றி அவளை மறந்துபோன ஒரு நிமிடத்தில், அவள் வலது செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தை இடது கெண்டைக்காலில் அழுத்திக்கொண்டு கொக்கு மாதிரி நின்றாள். கொஞ்ச நேரத்தில் கால் மாறியது.

“கால் வலிக்குதாம்மா?”

“பழகிருச்சுக்கா. ராத்திரி படுத்தப்புறம்தான் கடுக்கும்.”

சாத்தூர்ப் பக்கம் ஊராம். கடை விடுதியில் தங்கல். காலை ஒன்பதரைக்குத் தளத்துக்கு வந்தால் பண்டிகை நாளில் ஷட்டர் இறங்க ராத்திரி பத்தாகும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்கு இரண்டு தடவை. இவ்வளவையும் ஒரு குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

‘கடுப்பு’ என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. வலி வேறு, எரிச்சல் வேறு, குத்தல் வேறு. கடுப்பு என்பது உள்ளே இறுகி நின்று விடாமல் படுத்துவது. நெடுநேரம் நின்றால் கால் கடுக்கும். சிறுநீர் போகும்போது கடுத்தால் நீர்க்கடுப்பு. இரண்டுக்கும் பொறுமை கெட்டால் மனிதர் மேலேயே கடுப்பு. கடையில், மில்லில், கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களிடம் உடம்பைப் பற்றிக் கேட்டால் முதலில் வரும் இரண்டு பதில்களும் இந்தச் சொல்லில்தான் முடிகின்றன. கால் நோய்க்கும் சிறுநீர்ப் பாதை நோய்க்கும் மருத்துவப் புத்தகத்தில் சம்பந்தம் கிடையாது. ஒன்று சிரை, மற்றது கிருமி. ஆனால் இரண்டையும் ஒரே இடத்திலிருந்து, நினைத்தபோது நகர முடியாத வேலையிலிருந்து, தொடங்கிப் படிக்க முடியும்.

முதலில் கால். இதயம் இரத்தத்தைக் கீழே அனுப்புவதில் அதிசயம் இல்லை. தமனிக்குள் அது அழுத்தித் தள்ளுகிறது, புவியீர்ப்பும் ஒத்தாசை செய்கிறது. பாதம் வரை போன இரத்தம் திரும்பி மேலே ஏறுவதுதான் சிக்கல். நின்றுகொண்டிருக்கும் ஒருவருக்கு இதயத்திலிருந்து பாதம் சுமார் 120 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கு ஒரு நீர்க்கம்பம் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை முழுக்க கணுக்காலில் உள்ள மெல்லிய சிரைகளின் மேல் இறங்கும். இரத்த அழுத்தம் பார்க்கும் அதே பாதரச அளவில் சொன்னால், படுத்திருக்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அசையாமல் நின்றால் 90 வரை ஏறிவிடும். தமனியின் சுவர் தடித்தது, இதைவிட அதிகம் தாங்கும். சிரையின் சுவர் அப்படியில்லை, நைந்த காடாத்துணி மாதிரி.

இதைச் சமாளிக்க உடம்பு இரண்டு ஏற்பாடு செய்திருக்கிறது. கிணற்றில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லவே தேவையில்லை: ஃபுட் வால்வு. குழாயின் அடியில் இருக்கும் அந்தக் கதவு, ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாது. கால் சிரைகளில் இப்படிச் சின்னச் சின்னக் கதவுகள் வரிசையாக இருக்கின்றன. இத்தாலியின் பதுவா நகரத்தில் உடற்கூறியல் கற்பித்த ஃபப்ரீசியஸ் 1603இல் இவற்றைப் படம் வரைந்து வெளியிட்டார். ‘குட்டிக் கதவுகள்’ என்றே பெயர் வைத்தார். ஆனால் எதற்கு என்பது அவருக்குப் பிடிபடவில்லை; கை கால்களுக்குப் போகும் இரத்தத்தின் வேகத்தைக் குறைக்க என்று நினைத்தார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628இல் விஷயத்தை உடைத்தார்: கதவுகள் எல்லாம் இதயத்தை நோக்கியே திறக்கின்றன, எனவே சிரையில் இரத்தம் ஒரே திசையில்தான் ஓட முடியும்.

ஹார்வி செய்த சோதனையை இப்போதே செய்து பார்க்கலாம். கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிடுங்கள். புறங்கையில் பச்சை நரம்பு புடைக்கும். (நம் ஊரில் சிரையையும் நரம்பு என்கிறோம். ஊசி போட ‘நரம்பு கிடைக்கலை’ என்று நர்ஸ் சலித்துக்கொள்வது சிரையைத்தான். கால் சிரை சுருண்டுகொண்டதற்கு நரம்பு டாக்டரைத் தேடிப்போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.) கிளை பிரியாத ஒரு நீளத் துண்டாகப் பார்த்து, விரல் பக்க முனையை ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு விரலால் அதை மணிக்கட்டு நோக்கி வழித்துவிடுங்கள். வழித்த விரலை எடுத்த பிறகும் மேலே போன இரத்தம் ஒரு கதவுக்கு இப்பால் திரும்பி வராது. நரம்பு தட்டையாகவே கிடக்கும். அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து சட்டென்று நிரம்பும்.

கதவு மட்டும் இருந்தால் போதாது, தள்ளுவதற்கு ஒரு மோட்டார் வேண்டும். அதுதான் கெண்டைக்கால் சதை. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அது சுருங்கி, நடுவில் ஓடும் ஆழ்ந்த சிரைகளை ஈரத்துணியைப் பிழிவதுபோலப் பிழிகிறது. கதவுகள் கீழ்ப்பக்கம் சாத்திக்கொள்வதால் இரத்தத்துக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. நாலடி நடந்தாலே கணுக்கால் அழுத்தம் 90இலிருந்து 30ஐ ஒட்டி இறங்கிவிடும். இரண்டாவது இதயம் என்று மருத்துவர்கள் இதைச் சொல்வது வெறும் அலங்காரம் இல்லை. ஆனால் மார்பில் இருக்கும் இதயம் தூக்கத்திலும் துடிக்கும், இந்த இரண்டாவது இதயமோ நடந்தால்தான் துடிக்கும். நடை நின்ற அரை நிமிடத்துக்குள் அழுத்தம் மறுபடியும் ஏறத் தொடங்கிவிடும்.

பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது வெயிலில் அசையாமல் நின்ற பிள்ளைகளில் ஒன்று பொத்தென்று விழுமே, ‘காலையில சாப்பிடலை போல’ என்று டீச்சர் சொல்வாரே, அதிலும் இந்தக் கணக்கு உண்டு. எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் இடுப்புக்குக் கீழே இறங்கிவிடுகிறது. சதை அசைந்து அதைத் தூக்கிவிடாவிட்டால் மூளைக்குப் போவது குறையும். உடம்பு விழுந்து படுத்தவுடன் எல்லாம் சரியாகிவிடுகிறது, ஏனென்றால் படுத்துவிட்டால் நீர்க்கம்பமே இல்லை.

கடைத் தளத்தில் நிற்பவர் விழுவதில்லை. ஓரடி இந்தப் பக்கம், ஓரடி அந்தப் பக்கம் என்று அசைந்து எப்படியோ ஓட்டிவிடுகிறார். அந்த அரையடி அசைவில் கெண்டைக்கால் முழுசாகச் சுருங்குவதில்லை. பத்து, பன்னிரண்டு மணி நேரம் சிரை விரிந்தே கிடக்கிறது. விரிந்தால் என்ன ஆகும்? கதவின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொடாமல் விலகிப்போகும், இடைவெளியில் ஒழுகும். ஒரு கதவு ஒழுகினால் அதற்குக் கீழே உள்ள கதவின் மேல் பாரம் கூடும், அதுவும் விரியும். இப்படிக் கதவு கதவாகத் தோற்றுத் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் சிரை சுருண்டு தெரியும்போதுதான் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்கிறோம். பிறகு கணுக்கால் உட்புறம் தோல் கறுத்துத் தடிக்கும், அரிக்கும். சொறிந்த இடம் புண்ணாகும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். சிலருக்கு வருடக்கணக்கு.

பெண்ணுக்கு இதில் கூடுதல் பாரம் உண்டு. கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவே கூடுகிறது. புரோஜெஸ்டிரான் சிரைச் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை இடுப்புக்குள் பெரிய சிரைகளை அழுத்துகிறது. இரண்டு பிள்ளை பெற்றபின் தளத்துக்குத் திரும்பும் பெண்ணின் கதவுகள் ஏற்கெனவே பாதி தளர்ந்தவை. டென்மார்க்கில் 9,600க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005இல் முடிவு வெளியிட்டார்கள். வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்றோ நடந்தோ கழித்த பெண்கள் சுருள்சிரைக்காக ஆஸ்பத்திரியில் சேர வேண்டிவந்தது மற்றப் பெண்களைப்போல ஏறக்குறைய 1.8 மடங்கு.

அப்படியானால் எல்லோரையும் உட்காரவைத்துவிட்டால் தீர்ந்ததா? தீராது. திருப்பூர் கார்மென்ட்ஸில் பவர் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் குந்தியிருக்கும் டெய்லருக்கும் சாயந்தரம் கொலுசு இறுக்குகிறது. உட்கார்ந்தால் நீர்க்கம்பத்தின் உயரம் குறையும், அவ்வளவுதான். கெண்டைக்கால் அப்போதும் சும்மாதான் கிடக்கிறது. உடம்பு கேட்பது மாற்றம். நின்றவர் உட்கார வேண்டும், உட்கார்ந்தவர் எழுந்து நாலடி நடக்க வேண்டும், அதுவும் நாளுக்கு ஒருமுறை அல்ல, அடிக்கடி. நாற்காலியை விலைக்கு வாங்கிப் போட்டுவிடலாம். ‘இப்போது நான் கொஞ்சம் எழுந்திருக்கிறேன்’ என்று சொல்லும் அதிகாரத்தை எந்த ஃபர்னிச்சர் கடையில் வாங்குவது?

உட்காருவதற்குச் சட்டம் போட வேண்டிவந்தது நம் காலத்துக் கொடுமை என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் 1899லேயே போட்டிருக்கிறார்கள்: கடையில் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று. நம் பக்கம் கதை கோழிக்கோட்டில் தொடங்குகிறது. அங்கே மிட்டாய்த் தெருவில் துணிக்கடைகள் நெருக்கி நிற்கின்றன. தையல் தொழிலாளியான பி. விஜி அங்கே கடைப் பெண்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைக் கட்டினார். அவர்களுடைய முதல் கோரிக்கை நாற்காலி அல்ல, கழிவறை. பல கடைகளில் பெண்களுக்கு என்று ஒன்று இருக்கவில்லை. ஹோட்டலைத் தேடிப் போய், ஒரு டீ குடித்த சாக்கில் அங்கே போய்விட்டு வர வேண்டியிருந்தது. இருக்கைக்கான போராட்டம் அதன் பின்னால் வந்தது. 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது: ஊழியர் அனைவருக்கும் தக்க இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும். ஆண்களுக்கும் சேர்த்துத்தான்.

கோழிக்கோட்டுப் பெண்கள் கழிவறையில் தொடங்கியது மிகச் சரியான மருத்துவம். மூத்திரப்பையில் 150, 200 மில்லி சேர்ந்தவுடன் முதல் தகவல் மூளைக்குப் போகும். நாம் சட்டை செய்யாவிட்டால் அடங்கிவிடும், மறுபடி வரும். 400, 500 ஆனால் அடங்காது. அடக்குவதால் மட்டுமே நோய் வருவதில்லை, நோய்க்கு ஒரு கிருமி வேண்டும். பத்தில் எட்டுத் தடவை அது ஈ.கோலை என்கிற எஷரிச்சியா கோலை. ஜெர்மானிய குழந்தை மருத்துவர் தியோடோர் எஷரிஷ் 1885இல் கண்டுபிடித்தது. நம் எல்லோர் குடலிலும் சாதுவாக வாழ்கிறது. குடல் வாசலிலிருந்து சிறுநீர் வாசலுக்குப் பெண் உடம்பில் தூரம் மிகக் குறைவு. அங்கிருந்து மூத்திரப்பை வரை உள்ள குழாயின் நீளம் ஆணுக்கு 20 சென்டிமீட்டர் என்றால் பெண்ணுக்கு வெறும் 4. ஏறிவர அதிகப் பாடுபட வேண்டியதில்லை. பெண்களில் பாதிப்பேருக்காவது வாழ்நாளில் ஒருமுறை இந்தத் தொற்று வந்துவிடுகிறது.

ஏறிவரும் கிருமிக்கு எதிராக உடம்பு வைத்திருக்கும் பெரிய ஆயுதம் மிகச் சாதாரணமானது: வெள்ளம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மேலிருந்து வேகமாக இறங்கும் சிறுநீர், குழாயைக் கழுவிவிடுகிறது. ஈ.கோலையும் லேசுப்பட்டதில்லை. உடம்பெல்லாம் மயிரிழை போன்ற கொக்கிகள், அவற்றால் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொள்ளவும் பெருகவும் அதற்குத் தேவை நேரம். நல்ல உணவுக் கரைசலில் அது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகக்கூடியது. சிறுநீரில் அதைவிட மெதுவாகத்தான், ஆனாலும் ஆறேழு மணி நேரம் தேங்கிய குட்டை அதற்குத் தாராளம்.

கடைப் பெண்ணும் கம்பெனிப் பெண்ணும் செய்வது என்ன? அடக்குவது அவர்கள் செய்யும் இரண்டாவது காரியம்தான். முதலில் தண்ணீரை நிறுத்துகிறார்கள். சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்ல வேண்டும், மாற்றாள் வர வேண்டும், கழிவறை இரண்டு மாடி கீழே, லிஃப்ட் கஸ்டமருக்கு, போனால் எத்தனை நிமிடம் என்று யாரோ பார்க்கிறார்கள். இத்தனைக்கும் குடிக்காமல் இருந்துவிடுவது சுலபம். காலையில் அரை டம்ளர் காபி, மத்தியானம் சாப்பாட்டோடு ஒரு வாய். வெள்ளமே வராது, வருகிற கொஞ்சமும் கெட்டியாக, மஞ்சளாக வரும். ‘சூடு பிடிச்சுக்கிச்சு’ என்று வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்த பாட்டிகளுக்குக் கிருமியைத் தெரியாது. ஆனால் நீர் குறைந்தால் கடுக்கும் என்பது தெரிந்திருந்தது. வெந்தயத்தைவிட, அது ஊறிய ஒரு சொம்புத் தண்ணீரே பாதி வேலையைச் செய்திருக்கும் என்பது என் ஊகம்.

ஊகம் என்றாலும் ஆதாரமில்லாத ஊகமல்ல. பல்கேரியாவில் 140 பெண்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. எல்லோரும் அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருபவர்கள், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிப்பவர்கள். பாதிப்பேரை வழக்கத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மீதிப்பேர் வழக்கம்போல. ஓராண்டு முடிவில் தண்ணீர் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை தொற்று வந்திருந்தது, மற்றவர்களுக்கு 3.2. வேறு மருந்தே இல்லாமல் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. இதைவிட மலிவான வைத்தியம் ஒன்று இருக்குமா? ஆனால் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தால் கூடுதலாக இரண்டு மூன்று தடவை எழுந்து போக வேண்டும். பல்கேரியாவில் அந்தப் பெண்கள் போனார்கள். மூன்றாவது மாடியில் நிற்பவர் போக முடியுமா என்பதைப் பரிசோதனைக்கூடம் முடிவு செய்வதில்லை.

வந்துவிட்ட நோய்க்கு வைத்தியம் பார்ப்பதிலும், வேலையை விட்டு நகரும் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறோம். நீர்க்கடுப்பு என்று டாக்டரிடம் போனால், அடிக்கடி வருகிறதென்றால், சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார். கிருமியை வளர்த்துப் பார்க்க ஒன்றிரண்டு நாளாகும். இன்று ஒருமுறை, ரிசல்ட் வாங்க இன்னொரு முறை: இரண்டு அரை நாள் லீவு. ஆகவே ராத்திரி விடுதிக்குப் போகும் வழியில் மெடிக்கல் ஷாப். ‘எரியுது’ என்று சொல்லக் கூச்சம், கடைக்காரர் ஆண். எதையோ சொல்லி இரண்டு வேளை ஆன்டிபயாடிக் வாங்கி, எரிச்சல் அடங்கியவுடன் நிறுத்திவிடுகிறார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்காமல் இப்படி வாயில் போடப்போட, அந்த மருந்துக்குச் சாகாத கிருமிகளுக்கே இடம் காலியாகிறது. அடுத்த தடவை அதே மாத்திரை கேட்காது. தொற்று மூத்திரப்பையைத் தாண்டிச் சிறுநீரகம் வரை ஏறினால் குளிர்காய்ச்சல், விலாவில் வலி. அரை நாள் லீவு கேட்கத் தயங்கியவர் ஒரு வாரம் படுக்கையில்.

மாத்திரை என்றவுடன் இன்னொன்று. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்கு, பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகளை வேலை நேரத்தில் கொடுத்துவந்ததை 2019இல் ஒரு செய்தி நிறுவனம் சுமார் நூறு பெண்களிடம் பேசி வெளிக்கொண்டுவந்தது. வலிநிவாரணி தப்பான மருந்தல்ல. கருப்பை தன் உள்சுவரை உதிர்க்கும்போது புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் சுரந்து அதை இறுகச் சுருங்கவைக்கிறது; வலி அதனால். ஐபுப்ரோஃபன் வகை மருந்துகள் அந்தச் சுரப்பையே தடுக்கின்றன. இது எப்படி என்று ஜான் வேன் 1971இல் ஆஸ்பிரினை வைத்துக் கண்டுபிடித்தார், 1982இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் புரோஸ்டகிளாண்டின் வயிற்றின் உள்சுவரையும் காக்கிறது. உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். வெறும் வயிறு, குடிக்காத தண்ணீர், என்னவென்று தெரியாத மாத்திரை. மூன்றும் ஒரே பெண்ணிடம் கூடும்போது கணக்கு மாறிவிடுகிறது.

நேரத்தின் விலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் உதாரணம். அங்கிருந்து கரும்பு வெட்டப் போகும் கணவன் மனைவி ஜோடியை ‘கோய்த்தா’ என்ற ஒரே கணக்கில் முன்பணம் கொடுத்துப் பிடிக்கிறார்கள். ஒருவர் ஒரு நாள் படுத்தாலும் ஜோடிக்கு அபராதம். 2019இல் அரசுக் குழு ஆய்வு செய்த 82,309 கரும்பு வெட்டும் பெண்களில் 13,861 பேர் கருப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். வெள்ளைப்படுதலுக்கும் அதிக உதிரப்போக்குக்கும் மருந்து சாப்பிட்டுத் திரும்பத் திரும்ப டாக்டரைப் பார்க்க நாள் இல்லாதவருக்கு, ‘எடுத்துட்டா தொல்லை விட்டது’ என்ற பேச்சு நியாயமாகப் படுகிறது. சூலகத்தையும் சேர்த்து எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாக நின்றுபோகும். முப்பது வயதில் மாதவிடாய் நின்ற உடம்பில் எலும்பு சீக்கிரம் மெலியும். கரும்புக் கட்டைத் தூக்குவது அதே முதுகுதான்.

தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. பி.பி. அதார்க்கர் 1944இல் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்து, 1948இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955இல் கோயம்புத்தூருக்கு வந்த திட்டம் அது. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் பெண்ணுக்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி 3.25 சதவீதம், 390 ரூபாய் போடுவார். இதற்கு டிஸ்பென்சரி முதல் பெரிய ஆபரேஷன் வரை, குடும்பத்துக்கும் சேர்த்து. பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம். நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம்.

இதில் ஒரு சின்ன விதியை மட்டும் உற்றுப் பாருங்கள். நோய்க்கால உதவித்தொகை முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. மூன்றாம் நாளிலிருந்துதான் கணக்கு. பொய்ச் சீட்டைத் தடுக்கப் பல நாடுகளிலும் இப்படி ஒரு காத்திருப்பு வைப்பது வழக்கம். டைபாய்டு வந்தவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் நீர்க்கடுப்பு எத்தனை நாள் நோய்? கால் வீக்கத்தைக் காட்டிவர எத்தனை நாள் வேண்டும்? வேலைக்குப் போகும் பெண்ணின் பெரும்பாலான நோய்கள் முதலில் ஒருநாள் நோயாக, அரைநாள் நோயாகத்தான் வருகின்றன. மருத்துவம் இலவசம். ஆனால் காலை வெளிநோயாளர் வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மருந்துக் கவுன்டரில் நிற்பதற்குள் பதினொன்றரை. (அங்கேயும் நிற்பதுதான்.) அரை நாள் சம்பளம் போயிற்று, சில இடங்களில் அந்த மாத வருகைப் படியும் சேர்ந்து போகும். அது எந்த பில்லிலும் வராத கட்டணம்.

வலி இல்லாத நோய்களுக்கு இந்தக் கட்டணத்தை யார் கட்டுவார்கள்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்திய அளவான 1.9ஐ வைத்துப் பார்த்தால் இதுவே பெரிய சாதனை. இரத்தசோகைக்குச் சோதனை விரல் நுனியில் ஒரு குத்துதான். கடைப் பெண்ணின் நாளில் அவளுக்கென்று விட்ட இடைவேளை டீ இடைவேளை. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடல் உறிஞ்ச முடியாமல் செய்துவிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடச் சொல்வார்கள் டாக்டர்கள். யாருடைய ஒரு மணி நேரத்தை?

மருத்துவம் வேலையிடத்துக்கு வந்தால் இந்தக் கட்டணத்தில் பாதி குறையும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோனது. பகலில் வீட்டில் இல்லாதவர்களை அது எப்படிப் பிடிக்கும் என்ற கேள்வி எழுந்து, பிறகு வேலையிடங்களுக்கும் போகத் தொடங்கியது. நல்ல திசை. ஆனால் காலைக் கவனித்துக்கொள்ள டாக்டர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சாயந்தரம் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். எடுத்த பிறகும் குழி நின்றால் காலில் நீர் கோத்திருக்கிறது. கவுன்டருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம், இருபது தடவை. நடக்காமலே கெண்டைக்கால் சுருங்கும். ராத்திரி காலுக்குக் கீழே இரண்டு தலையணை. ஒரு காலில் மட்டும் திடீர் வலியோ வீக்கமோ வந்தால் தள்ளிப்போடக் கூடாது. உள்ளே இரத்தம் கட்டியிருக்கக்கூடும்.

குதிகால் விஷயத்தை அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். சிரித்தாள். “செய்யுறேங்க்கா. கேமராவுல என்ன ஆடுறான்னு கேப்பாங்க.”

“உட்கார ஸ்டூல் போடணும்னு சட்டம் வந்திருக்கே, இங்க இல்லையா?”

“இருக்கே.” மேடைக்கடியில் குனிந்து இழுத்துக் காட்டினாள். சிவப்பு பிளாஸ்டிக், புதுசு, ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. அதற்குள் என் அண்ணி, மேல்தட்டில் தெரிந்த அரக்குக் கலர் பெட்டியைக் கேட்டாள். அவள் ஸ்டூலை அலமாரியோரம் நகர்த்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் மேல் ஏறி நின்று பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.